செம்பனையும் மரந்தானே, மண்ணுல என்ன குறைஞ்சு போச்சு?

கேள்வி: ஐயா, எங்க தாத்தா பால்மரம் (ரப்பர்) சீவின தோட்டம் இப்போ முழுசும் செம்பனை, அதான் பாமாயில் எடுக்குற பனை. பக்கத்துல இருந்த காட்டையும் அழிச்சு நட்டுட்டாங்க. மழை பேஞ்சா அந்தக் காட்டுல விதவிதமா காளான் முளைக்கும்னு பாட்டி சொல்வாங்க, இப்போ ஒண்ணையும் காணோம். செம்பனையும் மரந்தானே, மண்ணுக்குள்ள என்ன மாறிடும்? வேம் (VAM)னு விக்கிற பூஞ்சை உரம் வாங்கிப் போட்டா சரியாகுமா?
- ஒரு வாசகர், சிலாங்கூர்

பதில்: பாட்டி சொன்னது சரிதாங்க. நாம பாக்குற காளான் வெறும் காய் மாதிரி, அதோட உடம்பான பூஞ்சை மண்ணுக்குள்ள நூல் நூலா ஓடிட்டு இருக்கும். மெராந்தி, கெருயிங் மாதிரி காட்டு மரங்க வேர் நுனியில ஒரு வகை பூஞ்சை உறை போட்டாப்ல சுத்திக்கிட்டு மண்ணுல இருந்து சத்தை இழுத்துக் குடுக்கும், மரம் பதிலுக்கு சர்க்கரை குடுக்கும், மரத்தை வெட்டிட்டா அந்தப் பூஞ்சைக்கு சோறு போட ஆளில்ல. செம்பனையும் பால்மரமும் அதுகூட சேராது, அதுங்களோடது வேருக்குள்ளயே புகுந்து வாழுற வேற வகை.

2015ல வெளியான ஒரு ஆய்வுல மலேசியாவுல கைபடாத காடு, 50 வருஷம் முன்னாடி மரம் எடுத்துட்டு விட்ட காடு, 25 வயசு செம்பனைத் தோட்டம் மூணுலயும் மண் எடுத்துப் பாத்தாங்க. வெட்டின காட்டு மண்ணு ஓரளவு பழைய காட்டு மாதிரியே இருந்துச்சு, செம்பனை மண்ணுல அந்த உறை போடுற பூஞ்சை கிட்டத்தட்ட இல்லவே இல்ல, எனக்கு இதைப் படிச்சப்போ மனசு ரொம்ப கஷ்டமா போச்சு. அதுக்காக தோட்டத்துல பூஞ்சையே இல்லன்னு நெனைக்காதீங்க, பழைய அடிக்கட்டையில தங்கி அடுத்த நடவையும் அழுக வைக்கிற கானோடெர்மாவும் பூஞ்சைதான், அதனால எத்தனை இருக்குங்கிறதைவிட எது இருக்குங்கிறதுதான் முக்கியம்.



வேம் போட்டா செம்பனைக்கு உதவலாம், ஆனா அது வேருக்குள்ள புகுற வகை, மெராந்தியோட கூட்டாளி அதுல வராது. ஆத்தோரத்துல காடு ஒரு துண்டாவது மிச்சம் இருந்தா அதை வெட்ட விடாதீங்க, மெராந்தி கன்னு வைக்கிறதா இருந்தா அங்க பெரிய மெராந்தி அடியில இருந்து ஒரு கை மண்ணு அள்ளிட்டு வந்து குழியில போட்டு நடுங்க.