சாஃப்ட் டாப்பா, ஹார்ட் டாப்பா? தார் வாங்குபவர்களின் கேள்விகளும் பதில்களும்

பொள்ளாச்சியில் ஜீப், ஜிப்ஸி, மஹிந்திரா தார் வண்டிகளுக்கு டாப் (மேற்கூரை), பீடிங் (ஓரத்து ரப்பர்), சீட் வேலை செய்கிறேன். துணியில் இருந்தால் சாஃப்ட் டாப், ஃபைபரில் கெட்டியாக இருந்தால் ஹார்ட் டாப். எந்த டாப் எடுக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இரண்டு விஷயம் கேட்பேன். வண்டி ராத்திரி எங்கே நிற்கும்? பின்சீட்டில் யார் உட்காருவார்கள்? எந்த மலைக்குப் போகப் போகிறீர்கள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். காட்டுப்பாதையில் இரண்டும் ஒரே மாதிரி ஏறும். வண்டி சும்மா நிற்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

சென்னை வேளச்சேரியிலிருந்து: அண்ணா, 2021 மாடல் தார் டீசல், கன்வெர்ட்டிபிள் (மடக்குகிற சாஃப்ட் டாப்) ஒன்று விலைக்கு வருகிறது. ரொம்ப ஆசையாக இருக்கிறது. ஆனால் எங்கள் அபார்ட்மென்டில் மூடிய பார்க்கிங் கிடையாது, தெருவில்தான் நிறுத்தணும். எடுக்கலாமா?

தம்பி, வேண்டாம். தெருவில் நிற்கிற வண்டிக்கு சாஃப்ட் டாப் சரிப்பட்டு வராது. மூன்று காரணம் சொல்கிறேன்.

முதலாவது வெயில். துணி டாப்புக்கு உள்ளே வெப்பம் தடுக்கிற இன்னொரு அடுக்கு இல்லை. சித்திரை, வைகாசியில் மத்தியானம் வண்டியை எடுத்தால் ஏசி காற்று முகத்துக்கு ஜில்லென்று வரும், தலைக்கு மேலே அனல் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த வெயில் துணியையும் விடாது. கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் ஜன்னல்தான் முதலில் கெடும். மஞ்சளாகி, பிறகு புகை படிந்த மாதிரி மங்கிவிடும். ராத்திரி பின்னால் வருகிற லாரி வெளிச்சம் அதில் பட்டால் மொத்த ஜன்னலும் வெள்ளையாகத் தெரியும், லாரி தெரியாது.

இரண்டாவது திருட்டு. கதவைப் பூட்டிப் பிரயோஜனமில்லை, ஒரு பிளேடு போதும். உள்ளே இருக்கிற பொருளைவிடக் கிழிந்த டாப்தான் பெரிய செலவு வைக்கும். மூன்றாவது ஐப்பசி, கார்த்திகை மழை. நாள்கணக்கில் ஈரத்திலேயே நிற்கிற துணியில் பூஞ்சை பிடிக்கும், மடிப்புக்குள் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டால் போகாது.

அதே விலைக்கு 2021 ஹார்ட் டாப் தேடினால் கிடைக்கும். வீட்டோடு ஷெட் இருக்கிற அண்ணன் தம்பி யாராவது இருந்து, வண்டி பெரும்பாலும் அங்கேதான் நிற்கும் என்றால் நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்.

திருச்சியிலிருந்து: ஹார்ட் டாப் இருந்தால் வண்டி கவிழ்ந்தாலும் பயமில்லை என்கிறார்கள். உண்மையா சார்?

இல்லை. கவிழ்ந்தால் தாங்குவது டாப் இல்லை, உள்ளே இருக்கிற ரோல் கேஜ் கம்பிச் சட்டம்தான். 2020 அக்டோபரில் வந்த தாரில் பெரும்பாலான ரகங்களில் அது கம்பெனியிலேயே பொருத்தி வருகிறது. ஃபைபர் டாப் வெயில், மழை, தூசிக்கான மூடி மட்டுமே. அந்த வண்டிக்கு 2020 நவம்பரில், கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கிற குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் பெரியவர்களுக்கு நான்கு, குழந்தைகளுக்கு நான்கு நட்சத்திரம் கிடைத்தது. அது மோதலுக்கான சோதனை. வண்டியைக் கவிழ்த்துப் பார்க்கிற சோதனை அதில் இல்லை. அதனால் எந்த டாப்பாக இருந்தாலும் பின்சீட்டு வரைக்கும் பெல்ட் போடுங்கள். டாப்பைக் கழற்றிவிட்டுப் போகும்போது கட்டாயம் போடுங்கள்.

மதுரையிலிருந்து: அண்ணா, இரண்டு பிள்ளைகள், ஆறு வயதும் மூன்று வயதும். வாரக் கடைசியில் கொடைக்கானல், தேனி பக்கம் போவோம். அவருக்கு சாஃப்ட் டாப் மேல்தான் கண்.

அக்கா, பிள்ளைகள் பின்சீட்டில் என்றால் ஹார்ட் டாப்தான். நாற்கரச் சாலையில் 80க்கு மேலே போனால் துணி படபடவென்று அடிக்கும், அந்தச் சத்தம் பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள் காதில்தான் அதிகம் விழும். பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். வாடிப்பட்டி தாண்டுவதற்குள் எல்லாருக்கும் எரிச்சல் வந்துவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. டாப் எதுவாக இருந்தாலும் பின்சீட்டுக்கு மேலே போகிற கம்பியைக் கையால் தடவிப் பாருங்கள். மெத்தைச் சுற்று இல்லாமல் வெறும் கம்பியாக எங்கே இருந்தாலும் உடனே சுற்றிவிடுங்கள். பள்ளத்தில் விழுந்து எழும்போது பிள்ளையின் தலை அங்கேதான் போய் இடிக்கும். சாதாரண ஸ்பாஞ்ச் வேண்டாம், விரலால் அழுத்தினால் மெதுவாக உள்வாங்குகிற கெட்டி ஃபோம் கேளுங்கள். சின்னவருக்குச் சைல்ட் சீட் கட்டாயம்.

வீட்டுக்காரரிடம் இதையும் சொல்லுங்கள்: மூன்று பேருக்கு மேலே வழக்கமாகப் போகிற குடும்பம் என்றால் 2024 ஆகஸ்டில் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம். அதில் சாஃப்ட் டாப் கிடையாது, சண்டையும் வராது.

வால்பாறையிலிருந்து: இங்கே மழைக்கு எது தாங்கும்?

சின்னக்கல்லாறு பக்கம் பெய்கிற மழையைப் பார்த்தவர்கள் நீங்கள். மழைக்கு ஹார்ட் டாப் நல்லதுதான், ஆனால் அதுவும் ஒழுகும். முன்கண்ணாடிச் சட்டமும் டாப்பும் சேர்கிற இடத்தில் இருக்கிற ரப்பர் பீடிங்கில்தான் முதலில் தண்ணீர் இறங்கும். அங்கிருந்து தூண் வழியாக ஓடி உங்கள் கால்மிதியில் சொட்டும். நீங்கள் கதவுதான் ஒழுகுகிறது என்று கதவு ரப்பரை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். பீடிங்கின் மூலையைக் கிள்ளிப் பாருங்கள்; அமுங்கி எழுந்தால் நல்லது, அமுங்கியபடியே இருந்தால் மாற்றுங்கள். தரையில் தண்ணீர் வெளியேற மூடி இருக்கிறது, அதைக் கழற்றி அடைப்பு எடுத்து வையுங்கள்.

உங்கள் ஊரில் சாஃப்ட் டாப்புக்கு மழையைவிடப் பெரிய எதிரி குரங்கு. பிஸ்கட் பாக்கெட் வாசனை போதும், ஜிப் இருக்கிற ஓரத்தில் விரலை விட்டு இழுத்துவிடும். அந்தக் கிழிசல் நேராக வராது, பல் பல்லாக வரும், தையலில் நிற்காது. எஸ்டேட்டில் திறந்த வெளியில் நிற்கிற வண்டி என்றால் ஹார்ட் டாப்.

ஈரோட்டிலிருந்து: என்னிடம் கன்வெர்ட்டிபிள் இருக்கிறது. வெளியில் ஃபைபர் ஹார்ட் டாப் செய்து தருகிறார்கள். மாட்டிக்கொள்ளலாமா?

ஆர்.சி.யை எடுத்து பாடி டைப் என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி, ஆர்.சி.யில் இருக்கிற விவரம் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாக ஆகிவிடுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. கடைக்காரர் "எல்லாரும் போடுறாங்க சார்" என்பார். செக்போஸ்டில் நிற்கப்போவது அவர் இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கேட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள். இவ்வளவு அலைவதற்கு, வாங்கும்போதே சரியான டாப்போடு வாங்குவதுதான் லாபம்.

நாகர்கோவிலிலிருந்து: சாஃப்ட் டாப்பில் பின்ஜன்னலை மட்டும் சுருட்டிவிட்டு ஓட்டினால் தலைவலி வருகிறது. ஏன்?

நிறுத்துங்கள், இன்றைக்கே. ஓடுகிற வண்டியின் பின்பக்கம் காற்றழுத்தம் குறையும். பக்க ஜன்னல்கள் மூடியிருந்து பின்னால் மட்டும் திறந்திருந்தால், சைலன்சர் புகை சுழன்று திறந்த வழியாக உள்ளே வரும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு வாசனையே கிடையாது. தலைவலி அதன் முதல் அறிகுறி. பின்னால் திறந்தால் பக்கத்திலும் திறந்துவிடுங்கள், காற்று முன்னாலிருந்து பின்னால் போகட்டும். சைலன்சர் ஜாயின்டில் கசிவு இருக்கிறதா என்றும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

சேலத்திலிருந்து: மேலே கேரியர்?

சாஃப்ட் டாப்பில் துணிமேல் எதுவும் வைக்க முடியாது. ஃபைபர் டாப்பிலும் டாப்பில் துளை போட்டு மாட்டுகிற கேரியர் வேண்டாம், விரிசல் அந்தத் துளையிலிருந்துதான் கிளம்பும். பாடியில் கால் ஊன்றி நிற்கிற கேரியர் மட்டும் போடுங்கள். அதிலும் கனமானதைக் கீழே வையுங்கள். மேலே எடை ஏற ஏறச் சரிவில் வண்டி சாயும்.

கூடலூரிலிருந்து: சார், என்னிடம் சாஃப்ட் டாப்தான். நல்ல ஷெட் இருக்கிறது, விற்கிற எண்ணம் இல்லை. எப்படிப் பராமரிப்பது?

உங்களைப் போன்றவர்களுக்குத்தான் சாஃப்ட் டாப். மசினகுடிப் பக்கம் காலையில் மெதுவாகப் போகும்போது பறவைச் சத்தம் முழுதாகக் காதில் விழும், பக்கத்தில் யானை நிற்கிற வாசனைகூட வரும். ஹார்ட் டாப்பில் உட்கார்ந்தவனுக்கு அது கிடைக்காது. மேலே இத்தனை பேருக்கு வேண்டாம் என்று சொன்ன நானே, ஷெட் இருப்பவர்களுக்கு தைரியமாக எடுங்கள் என்பேன்.

பிளாஸ்டிக் ஜன்னலைக் காய்ந்த துணியால் ஒருபோதும் துடைக்காதீர்கள். மேலே இருக்கிற மண்ணே கீறிவிடும். முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணை இறக்குங்கள், பிறகு நனைத்த பழைய பருத்தி வேட்டித் துணியால், அழுத்தாமல், ஒரே திசையில் இழுங்கள். துணி சோப்புத் தூளும் பெட்ரோலும் பக்கத்திலேயே வரக் கூடாது. ஜன்னலை மடிக்காமல் சுருட்டுங்கள், நடுவில் ஒரு மெல்லிய துண்டு வைத்து. குளிர்காலக் காலையில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும், அப்போது சுருட்டினால் வெடிக்கும். கொஞ்சம் வெயில் படட்டும். ஈரத்தோடு சுருட்டி வைக்காதீர்கள். ஜிப் இழுக்க மறுத்தால் முரட்டுத்தனம் வேண்டாம், பல்லில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும்.

ராமநாதபுரத்திலிருந்து: தனுஷ்கோடி அடிக்கடி போவேன். உப்புக்காற்று?

துணிக்கு ஒன்றும் ஆகாது. பட்டன், ஜிப், கொக்கி மூன்றும் போய்விடும். அரிச்சல்முனையிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் அவற்றைக் கழுவுங்கள். ஹார்ட் டாப்பிலும் போல்ட் தலைகளுக்கு இதே கதைதான்.

போடியிலிருந்து: அண்ணே, பழைய மஹிந்திரா எம்.எம். 540. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிறோம். புது டாப் போடணும். கேன்வாஸா, ரெக்சினா? இல்லை, தகரத்தில் அடித்துவிடலாமா?

தகரம் வேண்டாம் அண்ணே. ஏலக்காய்த் தோட்டப் பாதையில் மரக்கிளை தட்டினால் தகரம் நசுங்கி ஓயாமல் சத்தம் போடும், எடையும் மேலே ஏறும். படுதாவாக இருந்தால் கிளை தட்டி நழுவும். கிழிந்தால் சாயங்காலமே போடி பஸ் ஸ்டாண்ட் பக்கம் குஷன் கடையில் ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் மலைகளில் இத்தனை ஜீப் இன்னும் படுதாவோடு ஓடுவது அதனால்தான்.

பருத்திக் கேன்வாஸ் நனைந்தால் நூல் உப்பி இடைவெளி அடையும், அதனால் ஒழுகாது; உள்ளே புழுக்கமும் குறைவு. ஆனால் நனைந்தால் கனக்கும், காய நாளாகும். ரெக்சின் சீக்கிரம் காயும், ஆனால் வெயிலில் விறைத்து மடிப்பில் வெடிக்கும். தினமும் மழையில் ஓடுகிற உங்கள் வண்டிக்கு, உள்ளே துணியும் வெளியே பிளாஸ்டிக் பூச்சும் இருக்கிற கெட்டி ரகம் கேளுங்கள்.

தையலைக் கவனியுங்கள். டாப் பெரும்பாலும் துணியில் போகாது, நூலில்தான் போகும். சாதாரணப் பருத்தி நூல் வெயிலில் இற்றுவிடும். பாலியெஸ்டர் நூல், இரட்டைத் தையல் என்று சொல்லிவிடுங்கள். தைத்து மாட்டியதும் காசைக் கொடுப்பதற்கு முன்னால் கடைக்காரரை உள்ளே உட்காரவைத்து, மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.