உணர்வு வற்றிய ஜெபம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஒரு ஏக்கர் தேயிலை இருக்கிறது. என் கணவர் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடமாகிறது. வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சும் தெளிவில்லை. பகலில் இலை பறித்து ஃபேக்டரிக்குப் போடுகிறேன். இராத்திரியில் அவரைத் திருப்பிப் படுக்கவைக்க எழுந்திருக்கிறேன். முதல் வருடம் அழுது அழுது ஜெபித்தேன். இப்போது முழங்காலில் நின்றால் ஒன்றுமே வருவதில்லை. போன மாதம் எழுப்புதல் கூட்டத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர், இத்தனை நாளாகியும் பதில் வரவில்லை என்றால் தடை உன்னிடத்தில்தான் என்றார். ஞாயிறு ஆராதனைக்குப் போகிறேன், பாடுகிறேன். ஆனால் நடிக்கிறேனோ என்று தோன்றுகிறது. விசுவாசம் இல்லாமல் கோயிலில் உட்கார்ந்திருப்பதைவிட வீட்டில் இருந்துவிடுவது நேர்மையல்லவா? பெயர் வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பிரசங்கம் தவறு. பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றுதான் ஆண்டவர் சொன்னார். யோபுவின் நண்பர்களும் அந்தப் பிரசங்கியார் சொன்னதையே அதிகாரம் அதிகாரமாகச் சொன்னார்கள். கடைசியில் தேவனுடைய கோபம் மூண்டது அந்த நண்பர்கள்மேல். இரவில் கணவனைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்து கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தலையில் இந்தச் சுமையையும் ஏற்றினார்களே என்று எண்ணும்போது எனக்கும் கோபம்தான் வருகிறது. அதை மனத்திலிருந்து இறக்கி வையுங்கள்.

அழுகை வற்றினால் விசுவாசமும் வற்றிவிட்டது என்று நினைக்கிறீர்கள். சங்கீதம் 88-ஐ எடுத்து வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கேயாவது துதியின் பக்கம் திரும்பிவிடும். இது திரும்புவதே இல்லை. இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆனால் அதன் முதல் வரியைப் பாருங்கள். ‘என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே’ என்று அழைத்துவிட்டுத்தான் அந்த மனிதர் தம் கசப்பு முழுவதையும் கொட்டுகிறார். அதைத் தேவாலயப் பாடகர்கள் தங்கள் பாட்டுத் தொகுப்பில் வைத்துப் பாடினார்கள். உங்களுக்குச் சொந்த வார்த்தை வராத இரவில் அதையே வாய்விட்டு வாசித்தால் போதும், அது ஜெபம்தான்.

கவாத்து செய்த செடி துளிர்க்காமல் போகுமா என்று அக்கம்பக்கத்தில் பலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் அதைச் சொல்லப்போவதில்லை. வெட்டிய செடி சில மாதங்களில் துளிர்விடும் என்பது தோட்டக்காரருக்குத் தெரியும். உங்கள் கணவரின் கை எப்போது அசையும், அசையுமா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தேதி தெரியாமல் காத்திருப்பது வேறு வகைப் பாடு.

உங்கள் மலையிலேயே அப்படிக் காத்திருந்தவர்கள் உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாசல் மிஷன் கேத்தியில் வேலையைத் தொடங்கியது 1846-இல். அந்த மலைவாழ் மக்களான படகர்களில் முதல் ஆள் ஞானஸ்நானம் பெற்றது 1858-இல். நடுவில் பன்னிரண்டு வருடம் ஹட்டி ஹட்டியாக, அதாவது படகர் ஊர் ஊராக நடந்தார்கள், மொழி படித்தார்கள், பேசினார்கள். 1858 என்று ஒரு வருடம் வரும் என்று 1850-இல் அவர்களில் யாருக்கும் தெரியாது. இதில் நான் முக்கியமாக நினைப்பது, அது ஒரே ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்த வேலை அல்ல என்பது. ஒருவர்பின் ஒருவராக வந்து தாங்கினார்கள்.

நிலைத்திருப்பதைத் தனி ஆளின் வைராக்கியமாகவே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். உம்மோடு காவலிலும் சாவிலும் வரத் தயார் என்று சொன்ன பேதுருவின் வைராக்கியம் சேவல் கூவும்வரைகூட நிற்கவில்லை. ஆனால் அவன் விழுவதற்கு முன்பே, உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன் என்று ஆண்டவர் சொல்லியிருந்தார். பேதுரு திரும்பி வந்தது அந்த வேண்டுதலால். உங்களுக்காகவும் அவர் வேண்டிக்கொண்டிருக்கிறார் என்று முழு மனதோடு நம்புகிறேன்.

கப்பர்நகூமில் ஒரு திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்துவந்து, கூட்டத்தின் நிமித்தம் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். மாற்கு அந்த இடத்தில் எழுதுவதை நிதானமாக வாசியுங்கள்: இயேசு ‘அவர்கள் விசுவாசத்தைக் கண்டு’ பேசினார். படுக்கையில் கிடந்தவன் என்ன நம்பினான் என்று மாற்கு எழுதவில்லை. அவன் வாய் திறந்ததாகவும் இல்லை. சபை இருப்பது இதற்குத்தான். பாட்டு உங்கள் தொண்டையில் நின்றுபோகிற ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் இருப்பவர் பாடட்டும், நீங்கள் சும்மா உட்கார்ந்திருங்கள். அதில் நடிப்பு எதுவும் இல்லை. ஆகவே கேட்டதற்கு என் பதில்: வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

ஆனால் நாலு பேர் சுமக்க வேண்டுமென்றால் அந்த நாலு பேருக்கு விஷயம் தெரிய வேண்டும். இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள் என்பது உங்கள் ஆயருக்குத் தெரியுமா? எனக்கு எழுதியதை அவரிடமும் சொல்லுங்கள். திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் கணவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு இரவாவது உறவினரிலோ சபையிலோ யாராவது அவர் பக்கத்தில் இருக்க ஏற்பாடு செய்யும்படி கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள்.

சூரைச்செடியின் கீழ் சாக வேண்டும் என்று படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது தணலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். யாரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. மற்றவர்கள் விழித்திருக்கும் அந்த இரண்டு இரவுகளில் நீங்கள் முழங்கால்படியிட வேண்டாம் அம்மா, தூங்குங்கள்.

இரண்டு மாதம் கழித்து எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.