மளிகைச் செலவு குறைந்தது எப்படி?

கேள்வி: என் பெற்றோர் காலத்தில் மாதச் செலவில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கே போனது. இன்று அப்படி இல்லையே! அமெரிக்கக் குடும்பங்களிலும் இதே நிலைதானா?
– வாசகி, தேனி

பதில்: வருமானம் உயர உயரச் செலவில் உணவின் பங்கு குறையும் என்பதை ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-லேயே எடுத்துக்காட்டினார், உங்கள் வீட்டுக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமங்களில் 1999-2000-இல் சுமார் 59 சதவீதமாக இருந்த உணவின் பங்கு, 2022-23-இல் சுமார் 46 சதவீதமாக இறங்கியது. நகரங்களில் அது 48-லிருந்து 39 ஆனது.

இதைவிட வியப்பளிப்பது தானியத்தின் சரிவு. கிராமத்துக் குடும்பம் செலவிட்ட நூறு ரூபாயில் அன்று சுமார் 22 ரூபாய் தானியத்துக்குப் போனது; 2022-23-இல் ஏறக்குறைய 5 ரூபாய்தான். பானங்கள், தின்பண்டங்கள், பதப்படுத்திய உணவுகளுக்கோ பத்து ரூபாயை நெருங்குகிறது. ரேஷனில் இலவசமாகக் கிடைக்கும் அரிசி இந்தச் செலவில் சேராததால், சரிவு முழுவதையும் வளமையின் அடையாளமாகக் கொள்ள முடியாது. குழந்தையின் கையில் கொய்யாப்பழத்துக்குப் பதில் சிப்ஸ் பாக்கெட் இருப்பதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவில், உணவகச் செலவையும் சேர்த்தே, உணவுக்குப் போவது சுமார் 13 சதவீதம். ஆனால் வாடகை, வீட்டுக்கடன் வட்டி, மின்சாரம் உள்ளிட்ட வீட்டுச் செலவே மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடுவதால், அங்குள்ள நடுத்தரக் குடும்பத்தை நெருக்குவது மளிகைக் கடை பில்லைவிட வீட்டு வாடகைதான்.