டெட்ரிஸை ஒரு சிறுவன் ‘முடித்துவிட்டான்’ என்பது உண்மையா? நாமும் அப்படி ஆடப் பழக முடியுமா?

உண்மைதான். டெட்ரிஸ் என்பது மேலிருந்து விழும் துண்டுகளை அடுக்கி, நிரம்பும் வரிசைகளை நீக்கும் வீடியோ கேம். 2023 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன், ‘ப்ளூ ஸ்கூட்டி’ என்ற பெயரில் ஆடுபவன், நின்டென்டோவின் என்.ஈ.எஸ். எந்திரத்துக்கு 1989இல் வந்த டெட்ரிஸில் 157ஆம் லெவலில் ஆட்டத்தையே உறைய வைத்தான். சுமார் 38 நிமிட ஆட்டம். ‘உறைந்து போனால் அது முடிப்பதா?’ என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஆம். அவன் ஆடிய முறையில் ‘வென்றாய்’ என்று ஆட்டம் முடியும் இடமே கிடையாது. அதுவரை எப்போதும் ஆடுபவர்தான் தோற்றுப் போவார். அன்று ஆட்டம் தோற்றது.

29ஆம் லெவல் ஏன் பல காலம் சுவராக இருந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்கப் பதிப்பு நொடிக்கு 60 ஃப்ரேமில், அதாவது 60 திரைப்படங்களாக, ஓடும். லெவல் ஏற ஏற துண்டு விழும் வேகமும் கூடும். லெவல் 0இல் ஒரு துண்டு ஒரு வரிசை இறங்க 48 ஃப்ரேம், 18இல் 3, 19 முதல் 28 வரை 2, 29இலிருந்து 1. துண்டுகள் விழும் ‘கிணறு’ 20 வரிசை ஆழம்; ஆக, 29இல் மேலிருந்து தரை தொட மூன்றில் ஒரு நொடி. பொத்தானை அழுத்திப் பிடித்தாலோ 6 ஃப்ரேமுக்கு ஒரு கட்டம்தான் துண்டு நகரும். நிமிர்ந்த நீளக்கட்டையை (நான்கு கட்டம் நேராக அமைந்த துண்டை) வலது ஓரத்துக்குக் கொண்டுபோக 4 நகர்வு வேண்டும். முதல் நகர்வு உடனே கிடைத்தாலும் மீதி மூன்றுக்கு 18 ஃப்ரேம். அடுக்கு கொஞ்சம் உயர்ந்திருந்தாலே வழியிலேயே தட்டி நின்றுவிடும். இடது ஓரத்துக்கு 5 நகர்வு, இன்னும் மோசம். வேகமான கண் இருந்தும் பயனில்லை. கணக்கே இடம் தராது.

அழுத்திப் பிடிக்காமல் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகத் தட்டுவது ‘ஹைப்பர்டேப்பிங்’. தோர் ஆக்கர்லுண்ட் என்ற ஆட்டக்காரர் அப்படித்தான் 2011இல் 30ஆம் லெவலைத் தொட்டார். 2018இல் 16 வயது ஜோசப் சேலி உலகப் போட்டியை வென்றதும் அதே முறையில். ஆனால் கட்டைவிரலின் தசை விரைவில் களைத்துவிடும். பூட்டைத் திறந்த சாவி 2020 இறுதியில் வந்த ‘ரோலிங்’. ஆர்கேட் (காசு போட்டு ஆடும்) எந்திரங்களில் ஹெக்டர் ரோட்ரிகஸ் என்பவர் கையாண்ட தட்டும் முறையைப் பார்த்து, ‘சீஸ்’ என்ற ஆட்டக்காரர் அதை என்.ஈ.எஸ். கன்ட்ரோலருக்கு மாற்றிக் கொண்டுவந்தார். 157 வரை போன அந்தச் சிறுவன் நின்றது இவர்கள் தோளில்தான். இதைச் சொல்லாமல் ‘மேதைச் சிறுவன்’ என்று மட்டும் பகிரும் வீடியோக்கள் கதையின் நல்ல பாதியை விட்டுவிடுகின்றன.

ரோலிங் செய்யும் விதம்: கன்ட்ரோலரைத் தொடைமேல் சாய்த்து வையுங்கள். இடது கட்டைவிரலை நகர்த்த வேண்டிய திசைப் பொத்தான்மேல், அது அமுங்குவதற்கு மயிரிழை முன்பு வரை வைத்து அசையாமல் நிறுத்துங்கள். வலது கை விரல்களால் கன்ட்ரோலரின் முதுகில் மிருதங்கம் வாசிப்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டும் கன்ட்ரோலரையே கட்டைவிரலை நோக்கித் தள்ளுகிறது. பொத்தான் ஒருமுறை அமுங்கும். மூன்று கட்டம் போக மூன்று விரல், ஐந்து கட்டம் போக நான்கு விரலும் பிறகு இன்னொன்றும். கை பழகியவர்கள் நொடிக்கு 20 தட்டைத் தாண்டுகிறார்கள். அதாவது 3 ஃப்ரேமுக்கு ஒரு கட்டம்.

தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு, கட்டைவிரலை அழுத்தி வைப்பது. பொத்தான் முழுதாக விடுபடாவிட்டால் அடுத்த தட்டு பதிவாகாது. நான்கு தட்டினால் மூன்றுதான் நகரும். வேகத்தை மறந்துவிட்டு, தட்டிய எண்ணிக்கையும் நகர்ந்த கட்டமும் சரியாக வரும்வரை மெதுவான லெவலில் பழகுங்கள்.

ஐரோப்பியப் பதிப்பு நொடிக்கு 50 ஃப்ரேம், வேக அட்டவணையும் வேறு. அதில் பழகினால் மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. தட்டை டிவியில் ஆடினால், படம் தாமதமாக வருவதைக் குறைக்கும் ‘கேம் மோட்’ போடாமல் உட்காராதீர்கள். 18ஆம் லெவலில் தொடங்க, 8ஐத் தேர்ந்து ஏ பொத்தானைப் பிடித்தபடி ஸ்டார்ட் அழுத்த வேண்டும். இடப்பக்கத்தை உயரமாக அடுக்கி, வலது ஓரத்தை நீளக்கட்டைக்காகக் காலியாக விடுங்கள். நான்கு வரிசையை ஒரே அடியில் நீக்கினால் 1,200ஐ, லெவலோடு ஒன்று கூட்டிப் பெருக்கிய மதிப்பெண். 18இல் அது 22,800. ஒற்றை வரிசைக்கு 1,200க்குப் பதில் வெறும் 40. ஆனால் நீளக்கட்டை வரும் என்று உத்தரவாதம் கிடையாது. புதிய டெட்ரிஸ்களில் ஏழு துண்டும் ஒரு சுற்றில் தவறாமல் வரும். இதில் 30 துண்டுக்கு மேலும் வராமல் போகலாம். அடுக்கு பாதியைத் தாண்டினால் பேராசையை விட்டு ஒற்றை வரிசைகளை நீக்கி இறங்குங்கள்.

கடைசியில் ஏன் உறைகிறது? மதிப்பெண்ணை ஆட்டம் பெருக்குவதில்லை. லெவலுக்கு ஏற்ப திரும்பத் திரும்பக் கூட்டுகிறது. லெவல் ஏற ஏற இந்த வேலை நீள்கிறது. ஃப்ரேம் முடிந்ததும் திரையை வரையச் சொல்லி ஒரு குறுக்கீடு வரும். 155ஐ ஒட்டிய லெவல்களில் கணக்கு முடிவதற்குள் அது வந்து விழ, நிரல் தவறான முகவரிக்குத் தாவி நின்றுவிடுகிறது. எந்த லெவலில் எத்தனை வரிசை நீக்கினால் நிற்கும் என்று ரசிகர்கள் பட்டியலே போட்டு வைத்திருந்தார்கள். அதற்கு முன் இன்னொரு தொல்லை: 138இலிருந்து நிற அட்டவணையைத் தாண்டி வேறு நினைவகத்தை ஆட்டம் படிப்பதால், சில லெவல்களில் துண்டுகள் கருந்திரையில் கரைந்து கண்ணுக்குத் தெரிவதே அரிது.

அந்தச் சிறுவனின் சாதனை செய்தியான சமயம் பிரிட்டன் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பாளர் ஒருவர், திரையை விட்டு வெளியே போய்க் காற்று வாங்கு, டெட்ரிஸை வெல்வது வாழ்க்கை இலட்சியம் இல்லை என்றார். அது தவறு. 34 ஆண்டுகளில் எந்த மனிதரும் தொடாத இடத்தைத் தொட்ட பிள்ளையிடம் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது.