கோஷியனில் ஒலித்த கொரியப் பாட்டு

கேள்வி: ஜப்பானின் கோஷியன் மைதானத்தில் வசந்தத்திலும் கோடையிலும் நடக்கும் தேசியப் பள்ளி பேஸ்பால் போட்டி நூறாண்டு கடந்த மரபு என்கிறார்கள். 2024 கோடையில் அதை வென்ற கியோட்டோ கொகுசாய் பள்ளியின் பாடல் கொரிய மொழியில் ஒலித்தது. அந்த மரபுக்கு இது இழுக்கு இல்லையா? அப்போது அந்த அணி தொடங்கியே 25 ஆண்டுதான் ஆகியிருந்தது. அதற்கு என்ன பாரம்பரியம் இருக்க முடியும்?

பதில்: இழுக்கு இல்லை. மரபு அப்படியே கடைப்பிடிக்கப்பட்டது என்றுதான் சொல்வேன்.

ஆட்டம் முடிந்ததும் வென்ற பள்ளியின் பாடலை ஒலிக்கவிடுவது கோஷியன் வழக்கம். வசந்தகாலப் போட்டியில் 1929-இல் தொடங்கியது, 1957-இல் கோடைப் போட்டிக்கும் வந்தது. வென்றவரின் பாடல் என்பதுதான் அங்கே நிபந்தனை. கியோட்டோ கொகுசாய் பள்ளியின் பாடல் கொரிய மொழியில் இருக்கிறது. அந்தப் பள்ளி வென்றது, அதன் பாடல் ஒலித்தது. வேறு எதை ஒலிக்கவிட்டிருக்க வேண்டும்?

ஜப்பானில் வாழ்ந்த கொரியர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக 1947-இல் தொடங்கிய பள்ளி அது. பிற்பாடு மாணவர் எண்ணிக்கை சரிந்து, பள்ளியைக் காப்பாற்ற 1999-இல் பேஸ்பால் அணியைத் தொடங்கினார்கள். முதல் ஆட்டமே கியோட்டோ சேஷோ பள்ளியோடு. முந்தைய ஆண்டு கோஷியன் இறுதிவரை போன அணி அது. 34-0 என்று தோற்றார்கள். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தை ஐந்தே இன்னிங்ஸில் நிறுத்திவிட்டார்கள். அன்று சேஷோ அணியில் ஆடிய முதலாண்டு மாணவர் கோமாகி நோரிட்சுகு பின்னாளில் வங்கி வேலைக்குப் போனார். அப்புறம், தான் புரட்டி எடுத்த அதே பள்ளிக்குப் பயிற்சியாளராக வந்தார். பள்ளி மைதானம் முழு அளவுகூட இல்லாத குறுகலான இடம். பெரிய அடி அடித்துப் பழக வழியில்லாததால் தடுப்பாட்டத்தையும் தாழ்வாக, கூர்மையாக அடிப்பதையும் விடாமல் பயிற்சி செய்தார்கள். கிழிந்த பந்துகளுக்கு டேப் சுற்றிப் பயன்படுத்தினார்கள்.

2021-இல் முதல்முறையாகக் கோஷியனுக்கு வந்தார்கள். அதே ஆண்டு கோடையில் அரையிறுதி. 2024 ஆகஸ்ட் 23-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ்வரை இரு பக்கமும் ரன்னே இல்லை. பத்தாவதில் எதிரணியான கான்டோ தாயிச்சி பள்ளியை 2-1 என்று வென்றார்கள். மூன்று பேஸிலும் எதிரணி வீரர்கள் நிற்க, கடைசி வீரரைப் பந்தை அடிக்கவிடாமல் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி முடித்தார்கள். ஒரு தலைமுறைக்குள் 34-0 தோல்வியிலிருந்து இங்கே வந்து நிற்கிறார்கள். இதைப் பாரம்பரியம் என்று சொல்ல இன்னும் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்கிறீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் போட்டி ஜப்பானியருக்கு மட்டுமே உரியதாக எப்போதும் இருந்ததில்லை. ஜப்பானின் காலனியாட்சிக் காலத்தில் கொரியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் அணிகள் வந்தன. தைவானின் காயி வேளாண்மைப் பள்ளி 1931-இல் இறுதிவரை வந்தது. ஜப்பானியர், ஹான் சீனர், தைவான் பழங்குடியினர் மூவரும் சேர்ந்து ஆடிய அணி அது. அன்று அவர்களை ஆடவைத்தது ஒரு பேரரசின் தேவை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்கள் ஆடிய ஆட்டம் கோஷியன் வரலாற்றில் இருக்கிறது, அதை யாரும் அழிக்க முடியாது.

மரபுக்கு இழுக்கு எங்கிருந்து வருகிறது என்று உண்மையிலேயே கவலைப்பட்டால், ஒசாகாவின் பி.எல். காக்குயென் பள்ளியைப் பாருங்கள். வசந்தத்தில் மூன்று, கோடையில் நான்கு என ஏழு கோப்பைகள். சீனியர் மாணவர்கள் ஜூனியர்களை அடித்த சம்பவங்கள் வெளியே வந்தன. புது மாணவர்களைச் சேர்ப்பது நின்றது. 2016-இல் கடைசி ஆட்டம் ஆடி அணியே மறைந்தது. அந்தப் பெருமையை உள்ளிருந்த வன்முறைதான் தின்றது. எந்த வெளிமொழிப் பாட்டும் அதற்குக் காரணமில்லை.

2024 வெற்றிக்குப் பிறகு அந்தப் பதினேழு வயதுப் பிள்ளைகள்மீது இணையத்தில் கொட்டப்பட்ட வெறுப்பைக் கியோட்டோ ஆளுநரே கண்டிக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அந்த அணியில் பெரும்பாலோர் ஜப்பானிய மாணவர்கள். உங்கள் கேள்வி அந்த வெறுப்பிலிருந்து வந்ததென்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த வெறுப்பைக் கொட்டியவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

2025 கோடையிலும் கியோட்டோ கொகுசாய் அணியினர் வந்தார்கள். காலிறுதியில் யமனாஷி காக்குயின் பள்ளியிடம் 11-4 என்று தோற்றார்கள். அதே விதிப்படி அன்று யமனாஷி பள்ளியின் பாடல் ஒலித்தது. மரபைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.