வெள்ளிக்கிழமை வயிற்றுவலி

கேள்வி: விவாகரத்தாகி ஓராண்டு ஆகிறது. ஏழு வயது மகள் என்னோடு இருக்கிறாள். வெள்ளிக்கிழமை மாலை அவள் அப்பா வீட்டுக்கு வந்து அழைத்துப்போவார், ஞாயிறு மாலை கொண்டுவந்து விடுவார். வெள்ளி மதியமே வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்துக்கொள்கிறாள். ஞாயிறு இரவு என் மேல் எரிந்து விழுகிறாள். அங்கே இருக்கும்போது சிரித்துப் பேசித்தான் இருக்கிறாளாம். ‘இனி அனுப்பாதே’ என்கிறார் என் அம்மா. என்ன செய்ய?

பதில்: அனுப்புங்கள். அங்கேயும் நன்றாக இருக்கிறாள், இங்கேயும் நன்றாக இருக்கிறாள் என்றால் கோளாறு வாசலில் இருக்கிறது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் அவள் வெள்ளி மதியத்திலிருந்தே பயப்படுகிறாள்.

வலி நடிப்பல்ல. பதற்றம் குடலின் அசைவையே மாற்றும், உண்மையாகவே வலிக்கும். நான்கு வாரம் குறித்து வையுங்கள்: எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது விட்டது. மாறும் நாளில் மட்டும் வந்து, போய்ச் சேர்ந்ததும் மறைகிறதென்றால் பதற்றம்தான். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சல், வாந்தி, எடை குறைவது, வலது அடிவயிற்றில் மட்டும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது, யார் கொண்டுவிடுவது. அப்பா வந்து கூப்பிட்டால், விளையாட்டின் நடுவே பிடுங்கிக்கொண்டு போவதாகப் பிள்ளைக்குப் படும். பிள்ளை யாரிடம் இருக்கிறதோ அவரே கொண்டுபோய் விடுவது நல்லது. ‘போய் வா, எனக்குச் சம்மதம்’ என்பதை அந்தப் பயணமே சொல்லிவிடும். இதைவிடவும் நல்லது பள்ளிக்கூடம். வெள்ளி காலை நீங்கள் விடுகிறீர்கள், மாலை அவர் அழைத்துக்கொள்கிறார், திங்கள் காலை அவரே பள்ளியில் விடுகிறார். பெரியவர்கள் இருவரும் நேருக்கு நேர் முறைத்துக்கொள்ளவே வாய்ப்பில்லை. அவருக்கு ஞாயிறு இரவு ஒன்று கூடுகிறதே என்று கணக்குப் பார்க்காதீர்கள். நீதிமன்ற உத்தரவில் ‘ஞாயிறு மாலை’ என்று இருந்தால் மட்டும், வாய்ப்பேச்சாக மாற்றாமல் இருவரும் கையெழுத்திட்டு வழக்கறிஞர் வழியாக நீதிமன்றத்தில் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த சண்டையில் அதுவே குற்றச்சாட்டாகத் திரும்பும்.

பை பெரிதாக இருக்கக் கூடாது. பல் துலக்கும் பிரஷ், இரவு உடை, உள்ளாடை, செருப்பு, சார்ஜர், வழக்கமான மருந்து எல்லாம் இரண்டு வீட்டிலும் இருக்கட்டும். பயணம் போகவேண்டியவை பள்ளிப் பையும் அவள் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையும் மட்டும். மறந்ததற்கு அவளைத் திட்டக் கூடாது. பட்டியல் பார்ப்பது பெரியவர்களின் வேலை.

வாசலில் சொல்லவே கூடாத வாக்கியம், ‘நீ இல்லாம அம்மா தனியா என்னடி பண்ணுவேன்’. பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் உங்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை ஏழு வயதுத் தோளில் ஏற்றி அனுப்புகிறோம். ‘திங்கட்கிழமை ஸ்கூல் விட்டதும் அம்மா வந்து நிப்பேன்’ என்பது போதும்.

திரும்பி வந்ததும் முதல் ஒரு மணி நேரம் விசாரணை வேண்டாம். ‘யாரு வந்தா? என்ன வாங்கிக் குடுத்தாங்க?’ எதுவும் வேண்டாம். குளியல், ஏதாவது வரைவது, சும்மா பக்கத்தில் இருப்பது. அங்கே அடக்கி வைத்ததைத் தைரியமாகக் கொட்ட இடம் கிடைத்ததால்தான் உங்கள் மேல் எரிந்து விழுகிறாள். அதை அப்பா மேல் புகாராக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மூன்று வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். வாரம் மாற்றி வாரம் என்று பிரித்துக்கொண்டோம். சின்னவன் இரவில் தூங்குவதில்லை.

பதில்: மூன்று வயதுக்கு ஏழு நாள் என்பது முடிவே இல்லாத காலம். ‘2-2-5-5’ முறைக்கு மாறிப் பாருங்கள். திங்கள், செவ்வாய் இரவுகள் எப்போதும் ஒருவரிடம். புதன், வியாழன் எப்போதும் மற்றவரிடம். வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் வாரம் மாறி மாறி. ஒரே மூச்சில் பிரிந்திருப்பது ஐந்து இரவுக்கு மேல் போகாது. வார நாள்கள் மாறாததால் எட்டு வயதுப் பிள்ளையே கணக்கைச் சொல்லிவிடும். ஐந்தும் சின்னவனுக்கு அதிகம் என்று தெரிந்தால் ‘2-2-3’ எடுக்கலாம்: இரண்டு இரவு ஒருவரிடம், இரண்டு மற்றவரிடம், மூன்று மறுபடி முதலாமவரிடம், அடுத்த வாரம் அப்படியே தலைகீழ். அதில் அதிகபட்சம் மூன்று இரவுதான். ஆனால் வாரத்துக்கு வாரம் கிழமை புரண்டுகொண்டே இருக்கும், பெரியவர்களே குழம்புவார்கள். இரு வீடும் பக்கத்தில் இல்லாவிட்டால் இரண்டுமே சரிவராது.

நாள்காட்டியில் ஒரு வீட்டுக்கு ஒரு நிறம் அடித்து, அவன் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள், இரண்டு வீட்டிலும். ‘இன்னும் ரெண்டு தூக்கம், அப்புறம் அப்பா’ என்று தூக்கத்தால் எண்ணினால் புரியும்.

கேள்வி: 13 வயது மகன் என் வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறான். அவன் அம்மா தூண்டிவிடுகிறார் என்றே நினைக்கிறேன். உத்தரவு என் பக்கம்தான் இருக்கிறது.

பதில்: தூண்டிவிடவும் கூடும். அதிலிருந்து தொடங்கினால் மட்டும் மகன் பேச மாட்டான். முதலில் சாதாரணக் காரணங்களைப் பாருங்கள். சனிக்கிழமைப் பயிற்சி, நண்பர்கள், உங்கள் வீட்டில் அவனுக்கென்று கதவு சாத்திக்கொள்ள ஓர் இடம் இல்லாதது. ‘வருவியா மாட்டியா’ என்று கேட்காமல் ‘எந்த நாள், எத்தனை மணி’ என்று கேளுங்கள். இரண்டு நாள் கசந்தால் இரண்டு மணி நேரம் வெளியே சந்தியுங்கள், ஆனால் ஒரு வாரமும் தவறாமல்.

உத்தரவைக் காட்டி இழுத்து வந்தால் உடம்பு வரும், மகன் வரமாட்டான். 1989-இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 9ஆம் பிரிவில், பெற்றோர் இருவரோடும் தொடர்பு வைத்துக்கொள்வதைக் குழந்தையின் உரிமையாகத்தான் எழுதியிருக்கிறது, அதன் நலனுக்கு எதிராக இல்லாதவரை. 12ஆம் பிரிவு அவன் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற எடை தரச் சொல்கிறது. எடைதான், தீர்ப்பல்ல. வர மறுக்கிறான் என்று பராமரிப்புத் தொகையை நிறுத்திவிடாதீர்கள். பார்ப்பது வேறு கணக்கு, பணம் வேறு கணக்கு.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. மறுப்புக்குப் பின்னால் பயம் தெரிந்தால், அவன் யாரிடம் சொன்னாலும், ‘என்ன நடந்தது, சொல்லு’ என்ற ஒரு கேள்வியோடு நிறுத்த வேண்டும். அவன் சொன்ன சொற்களையே தேதி, நேரத்தோடு எழுதி, அன்றே மருத்துவரிடமோ குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளிடமோ போக வேண்டும். குடும்பத்தில் ஆளாளுக்குத் திரும்பத் திரும்பக் கேட்டால், கேட்டவர்களின் சொற்கள் பிள்ளையின் நினைவில் கலந்துவிடும். பிறகு விசாரணையில் அந்தச் சாட்சியம் நிற்காது.

கேள்வி: எனக்கு மறுமணம் முடிவாகியிருக்கிறது. ஒன்பது வயது மகன் அவரை ‘அப்பா’ என்று கூப்பிட்டே பழக வேண்டும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள்.

பதில்: வேண்டாம். அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார். சித்தப்பா, மாமா, அங்கிள், அல்லது பெயரோடு ஏதாவது, தேர்வு மகனுடையது. நாளைக்கு அவனாக ‘அப்பா’ என்றால் அது வேறு விஷயம்.

அதைவிடப் பெரிய தவறு, வந்தவுடன் கண்டிக்கத் தொடங்குவது. அமெரிக்காவின் வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சுமார் 1,400 குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த உளவியலாளர் மேவிஸ் ஹெதரிங்டன், புதிதாக வந்தவர் முதலில் நட்பாகப் பழகி, தாயின் கண்டிப்புக்குத் துணை நிற்கும் வீடுகளே தேறியதைக் கண்டார். முதல் ஓரிரு ஆண்டு விதி போடுவதும் தண்டிப்பதும் நீங்கள். நீங்கள் இல்லாதபோது ‘அம்மா ஒன்பது மணிக்குத் தூங்கச் சொல்லியிருக்காங்க’ என்று அவர் நினைவூட்டலாம், அவ்வளவுதான். வாரத்தில் ஒரு மாலையாவது நீங்களும் மகனும் மட்டும்.

மகனுக்கு உறவினர் வாயால் தெரியக் கூடாது. முதல் கணவருக்கு மகன் வாயால் தெரியக் கூடாது. நீங்களே எழுதுங்கள், மூன்று விஷயம் போதும்: தேதி, அவர் பெயர், மகன் அப்பாவிடம் வரும் நாள்களில் எந்த மாற்றமும் இல்லை.