எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்துவிட்டதா? கேளுங்கள்

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு என்றால், பிரதிவாதி கோர்ட்டில் ஆஜராகாததால் ஒருதலையாகச் சொன்ன தீர்ப்பு. பதில் சொல்பவர் தக்கலையில் நெடுநாள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர்.

கருங்கல் வாசகர்: அண்ணே, நான் கத்தாரில் இருந்தபோது ரப்பர் தோட்டத்து வழி பற்றிப் பக்கத்துக்காரர் கேஸ் போட்டிருக்கிறார். பூட்டிக் கிடந்த பழைய வீட்டுக் கதவில் சம்மனை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகி எட்டு மாதம். நாள் போய்விட்டதா?

பதறாதீங்க தம்பி. சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 9 விதி 13-இல் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். கெடு 30 நாள். சம்மன் முறைப்படி வந்து சேரவில்லை என்றால், தீர்ப்பு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் அந்த 30 நாள் ஓடும். ஆகவே எல்லாம் அந்தத் தேதியில்தான் இருக்கிறது. 'ஊருக்கு வந்ததும் தெரிந்தது' என்று மொட்டையாக எழுதாதீர்கள். என்றைக்கு, யார் சொல்லி என்று எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் வருகை முத்திரை உள்ள பக்கத்தைச் சேருங்கள். முதலில் சம்மன் கொண்டுபோன கோர்ட் ஊழியர் அமீனா எழுதிக்கொடுத்த அறிக்கைக்கு நகல் மனு போடுங்கள். 'வீடு பூட்டியிருந்தது, ஆள் வெளிநாட்டில்' என்று அவரே எழுதியிருந்தால் கோர்ட் ஊழியர் கையாலேயே சாட்சி கிடைத்த மாதிரி. ஆனால் வாய்தா தேதி முன்பே தெரியும் என்று காட்டும் வாட்ஸ்அப் செய்தி ஏதாவது இருந்தால், சம்மனில் உள்ள சின்னக் குறை உங்களைக் காப்பாற்றாது. அதை வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

குளச்சல் வாசகர்: வக்கீல் வாய்தாவுக்குப் போகவில்லை. அதைக் காரணமாகச் சொன்னால் போதுமா?

சொல்லலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். நீங்கள் எத்தனை முறை விசாரித்தீர்கள் என்று ஜட்ஜ் கேட்பார். 30 நாள் தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கும் மனுவும் வேண்டும். எதிர்வழக்குரையை (வழக்குக்கு நீங்கள் எழுதும் பதிலை) கையோடு தாக்கல் செய்தால் உங்களுக்கு அக்கறை உண்டு என்று தெரியும். செலவுத்தொகை கட்டச் சொல்வார்கள், முணுமுணுக்காமல் கட்டிவிடுங்கள்.

மார்த்தாண்டம் வாசகி: அண்ணே, எதிராளி இ.பி. (தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு) போட்டாச்சு. தீர்ப்பை ரத்து செய்ய நான் மனு போட்டால் அது நின்றுவிடுமா?

நிற்காது அம்மா. தடை உத்தரவு தனியாகக் கேட்க வேண்டும்.

இரணியல் வாசகர்: நேரே அப்பீல் போகலாமா?

அதே சட்டத்தின் 96(2) பிரிவில் போகலாம். ஆனால் அப்பீல் வாபஸ் ஆகாமல் வேறு விதமாக முடிந்துவிட்டால், விதி 13-க்குத் திரும்பி வர முடியாது. சம்மனே வரவில்லை என்பவர் முதலில் விதி 13-க்குப் போவதே நல்லது என்பது என் எண்ணம். அங்கே தள்ளுபடி ஆனால் அதற்கும் ஆணை 43-இல் அப்பீல் உண்டு.

மார்த்தாண்டம் வாசகி: வக்கீல் ஃபீஸுக்குப் பணம் இல்லையே?

பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவிலில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். போகும்போது இ.பி. நோட்டீஸை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.